அரசின் கொள்முதலும் நம் சமுதாயமும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் பேச அழைக்கப்பட்ட தலைமையாசிரியன், கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவான் என்றே நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அதனைப் பேசுவதற்கு என்னினும் தகுதி மிக்கோர் இம்மேடையில் உள்ளனர். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேறு. அரசு பொருள்களை எவ்வாறு வாங்குகிறது, அதற்கான விதிகள் எவ்வாறு மாறி வந்துள்ளன, அவ்விதிகளில் நமக்குரிய பங்கு எங்கே இருக்கிறது என்பதே அது. 'இஃது ஒப்பந்தக்காரர்களுக்கு உரிய பேச்சன்றோ? நமக்கு எதற்கு?' என்று சிலர் எண்ணக்கூடும். பொறுமையோடு செவிமடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இது நம் சமுதாயத்தின் சோற்றைப் பற்றிய பேச்சே ஆகும்.

நம் கண்முன் உள்ள காட்சியிலிருந்தே தொடங்குவோம். தை பிறந்ததும் இக்கடற்கரையில் பாத்தி மிதிக்கும் வேலை தொடங்குகிறது. உவர்நீரைப் பாய்ச்சி, வெயிலில் காயவைத்து, உப்பு வாரி, அம்பாரமாகக் குவித்து, கீற்று வேய்ந்து வைக்கிறோம். ஐப்பசியில் மழை இறங்கினால் வேலை நின்றுவிடும். இவ்வேலையில் ஈடுபட்டிருப்போரில் நம் மக்கள் பலர். சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுவர். அத்துணைப் பழமை வாய்ந்த கடற்கரை இது. இங்கே பகலெல்லாம் உப்பு வாரிய தாய், மாலையில் கடைக்குச் சென்று உறையில் அடைத்த உப்பை விலை கொடுத்து வாங்கி வருகிறாள். தான் வாரிய உப்பைத் தன் பிள்ளையின் சத்துணவுக்கு அவளால் விற்க முடியவில்லை. ஏன்? உப்பு தரம் குறைந்தது என்பதாலா? அன்று. அரசின் கொள்முதல் விதி என்னும் வாயிலை அவ்வுப்பு கடக்கவில்லை. அவ்வாயிலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அன்பர்களே! அரசு என்பது சம்பளம் கொடுக்கும் நிறுவனம் என்று மட்டுமே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். நம் பிள்ளைகளைப் படிக்கவைத்து, இட ஒதுக்கீட்டின் வழியாக அரசுப் பணியில் அமர்த்துவதே இச்சங்கத்தின் முதல் நோக்கமாக இருந்தது. அது சரியான நோக்கம். ஆயினும் அரசு சம்பளம் மட்டும் கொடுப்பதில்லை. பொருளும் வாங்குகிறது. மேசை, நாற்காலி, காகிதம், சீருடைத் துணி, மருந்து, அரிசி, பருப்பு, உப்பு, சிமெண்டு, கணினி என்று அது வாங்காத பொருள் இல்லை. சாலை போடுகிறது; கட்டடம் கட்டுகிறது; வண்டி வாடகைக்கு எடுக்கிறது. நாட்டில் அரசைவிடப் பெரிய வாடிக்கையாளர் எவரும் இலர். அந்த வாடிக்கையாளர் கொடுக்கும் பணம் வரிப்பணம். சோப்புக்கு விலை கொடுக்கும் நம் குடும்பங்களும் அதற்கு வரி செலுத்துகின்றன. வேலையில் பங்கு கேட்ட நாம், வாணிகத்தில் பங்கு கேட்க மறந்துவிட்டோம்.

அண்ணல் அம்பேத்கர் மறக்கவில்லை. 1942ஆம் ஆண்டு வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளைத் தொகுத்து வைசிராயிடம் ஒரு முறையீட்டை அளித்தார். அரசுப் பணி, கல்வி ஆகியவற்றோடு அரசு ஒப்பந்தங்களைப் பற்றியும் அதில் எழுதினார். மத்தியப் பொதுப்பணித் துறையின் பட்டியலில் இருந்த 1,171 ஒப்பந்தக்காரர்களுள் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் ஒரே ஒருவர் என்று கணக்கிட்டுக் காட்டினார். ஆயிரத்து நூற்று எழுபத்தொருவரில் ஒருவர்! அந்த எண்ணை நம் சங்கக் கட்டடத்தின் சுவரில் எழுதி வைத்தாலும் தகும். அண்ணலின் பிறந்த நாளைக் கொண்டாடும் நாம், அவர் போட்ட கணக்கைத் தொடர்ந்து போட்டோமா?

உப்பு விளையும் கடற்கரையினராகிய நமக்கு, கொள்முதல் விதி என்பது புதிய செய்தி அன்று. 1805ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. விளைவித்தவர் விளைந்த உப்பு முழுவதையும் கம்பெனிக்கே அளந்து கொடுக்க வேண்டும். கம்பெனி குறித்த குடிவாரத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வேறு எவருக்கும் ஒரு படி உப்பும் விற்றலாகாது. அதே உப்பைக் கம்பெனி பன்மடங்கு விலைக்கு விற்றது. வாங்குபவர் ஒருவரே என்னும்போது, விற்பவனின் உழைப்புக்கு விலை குறிப்பவரும் அவரே. 1930ஆம் ஆண்டு இராசாசி தலைமையில் வேதாரணியத்தில் உப்பு அள்ளியதை நாம் அறிவோம். உப்பின் மீதான வரி 1947ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. வாங்கும் விதியை எழுதுபவர் எவரோ, அவரே உழைப்பவனின் அடுப்பையும் ஆள்கிறார் என்பது இக்கடற்கரை ஒன்றரை நூற்றாண்டுக் காலம் கற்ற பாடமாகும்.

இனி, விதிகள் எவ்வாறு மாறின என்பதைக் காண்போம். தொடக்கத்தில் இந்திய அரசுக்கு வேண்டிய பொருள்கள் பெரும்பாலும் இலண்டனில் வாங்கப்பட்டுக் கப்பலில் வந்தன. இந்நாட்டுப் பொருளை இந்நாட்டிலேயே வாங்குவதற்கென இந்தியப் பண்டகத் துறை 1922ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் அதன் வழி வந்த வழங்கல் மற்றும் தீர்வு தலைமை இயக்ககம் 'விகித ஒப்பந்தம்' என்னும் முறையைப் பெருவழக்காக நடத்தி வந்தது. அதன் இயல்பு இதுதான். ஒரு நாற்காலிக்கு இன்ன விலை என்று தலைமை இயக்ககம் ஓர் உற்பத்தியாளரோடு ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒப்பந்தம் செய்துகொள்ளும். பின்னர் நாட்டின் எந்த மூலையில் உள்ள அலுவலகமும் தனியாக ஒப்பந்தப்புள்ளி கோராமல் அதே விலைக்கு அவரிடமே ஆணை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பல அலுவலகங்கள் ஒன்று கூடி ஒரே ஒப்பந்தத்தின் கீழ் வாங்குவதால் விலை குறையும், காலம் மிச்சமாகும், ஒவ்வோர் அலுவலரும் தனித்தனியே பேரம் பேசும்போது நேரும் முறைகேடும் குறையும். இவை அம்முறையின் நன்மைகள். ஆனால் அப்பட்டியலில் இடம் பெற்றவர் செழித்தார். இடம் பெறாதவர் வாயிலிலேயே நின்றார். பட்டியலில் இடம்பெறத் தொழிற்சாலை வேண்டும், முதல் வேண்டும், தில்லிக்குச் சென்று வர வழிச்செலவும் வேண்டும். நம்மவரிடம் அவை இருந்தனவா?

மாநிலத்திலும் மாற்றம் வந்தது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. இத்தகைய சட்டத்தை இந்தியாவில் முதன்முதலில் இயற்றிய மாநிலம் தமிழ்நாடே என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். அதற்கான விதிகள் 2000ஆம் ஆண்டு வந்தன. ஏறக்குறைய நம் சங்கத்தின் வயதே அவ்விதிகளுக்கும். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பை வெளியிட வேண்டும். புள்ளி கொடுக்கப் போதிய கால இடைவெளி தரவேண்டும். உறைகளை வந்திருப்போர் முன்னிலையில் திறக்க வேண்டும். எந்த அளவுகோலால் மதிப்பிடப்படும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தகுதியுடையோருள் மிகக் குறைந்த விலை கூறியவருக்கே பணி தரவேண்டும் என்று அச்சட்டம் வரையறுத்தது. அதற்கு முன் பண்ணையார் வீட்டுத் திண்ணையிலும் அலுவலரின் அறையிலும் முடிவான பல காரியங்கள் வெளிச்சத்திற்கு வர இது வழிவகுத்தது.

மத்திய அரசில் இன்னும் பெரிய மாற்றம் நேர்ந்தது. 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் அரசு மின்சந்தை தொடங்கப்பட்டது. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், மத்திய அரசு அலுவலகங்கள் அச்சந்தையில் கிடைக்கும் பொருள்களை அதன் வழியாகவே வாங்க வேண்டும் என்று கட்டாயமாக்கின. அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாளோடு வழங்கல் மற்றும் தீர்வு தலைமை இயக்ககம் மூடப்பட்டது. விகித ஒப்பந்த முறையும் அதனோடு விடைபெற்றது. இப்போது விற்பவர் கணினியில் தம் பொருளையும் விலையையும் பதிவு செய்கிறார். சிறு தொகைக்கான பொருளை அலுவலர் நேரே வாங்குகிறார். அதனினும் மிக்க தொகைக்கு விலைகளை ஒப்பிட்டு வாங்குகிறார். பெருந்தொகைக்கு விலைப்புள்ளி கோருகிறார் அல்லது விலையைக் குறைத்துக்கொண்டே செல்லும் எதிர் ஏலம் நடத்துகிறார். தில்லிக்குப் போக வேண்டியதில்லை. மரக்காணத்தில் அமர்ந்தபடியே அருணாசலத்தில் உள்ள அலுவலகத்துக்கும் விலை கூறலாம்.

கதவு திறந்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன் மற்றொன்றையும் கருத வேண்டும். கூடி வாங்கும் பழக்கம் இன்றும் போகவில்லை, போகவும் வேண்டியதில்லை. பல அலுவலகங்களின் தேவைகளை ஒன்று திரட்டி ஒரே பெரிய ஒப்பந்தமாகக் கோரும்போது என்ன நேர்கிறது? பத்து மூட்டை வேண்டிய இடத்தில் பதினாயிரம் மூட்டை ஒரே ஒப்பந்தமாகிவிடுகிறது. அதற்கு ஏற்றவாறு முன்வைப்புத் தொகை உயர்கிறது. கடந்த ஆண்டுகளில் இவ்வளவு விற்றிருக்க வேண்டும் என்னும் தகுதி உயர்கிறது. இதே போன்ற பணியை முன்னரே செய்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனை சேர்கிறது. முன்னர் செய்தவனே மீண்டும் செய்யலாம் என்றால், முதன்முறையாக ஒருவன் எப்போது செய்வது? நீந்தத் தெரிந்த பின்னரே குளத்தில் இறங்க வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்வதைப் போன்றது இது. நம் சாதியின் பெயரைச் சொல்லி எவரும் நம்மை விலக்குவதில்லை. தொகையைச் சொல்லியே விலக்கிவிட முடிகிறது.

உப்பையே எடுத்துக்கொள்வோம். நேரடியாக மனிதர் உண்பதற்கு அயோடின் கலவாத உப்பை விற்கலாகாது என்னும் தடை 2006ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. முன்கழுத்துக் கழலை நோயையும், கருவில் உள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக் குறைவையும் தடுப்பதற்காக எழுந்த விதி அது. ஆசிரியன் என்ற முறையில் அதனை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் அவ்விதியின் விளைவு யாது? அம்பாரத்தில் கிடக்கும் உப்பு நியாயவிலைக் கடைக்கோ சத்துணவுக் கூடத்துக்கோ நேரே போக முடியாது. அதனைக் கழுவ வேண்டும், அயோடின் தெளிக்க வேண்டும், ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும், உறையிட வேண்டும், உணவுப் பாதுகாப்பு உரிமம் பெற வேண்டும். ஆலை வைத்திருப்பவரே ஒப்பந்தப்புள்ளியில் கலந்துகொள்ள முடியும். ஆலை இல்லாதவர் வியாபாரி கேட்ட விலைக்கு அம்பாரத்தை விற்க வேண்டும். 1974ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்நாடு உப்புக் கழகம் இராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் பகுதியில் உப்பளத்தோடு ஆலையையும் அமைத்துக்கொண்டதாலேயே அதன் உப்பு பொது விநியோகத்தில் இடம் பெற்றது. 2022ஆம் ஆண்டு 'நெய்தல் உப்பு' என்னும் பெயரிலும் சந்தைக்கு வந்தது. அக்கழகத்தை நான் குறை கூறவில்லை. பாத்தியும் ஆலையும் ஒரே கையில் இருந்தால் வாயில் திறக்கும் என்பதற்கு அது சான்று என்கிறேன்.

இனி, நமக்கென வந்த விதியைச் சொல்கிறேன். இளைஞர்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். மத்திய அரசு 2012ஆம் ஆண்டு குறு, சிறு தொழில்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை ஆணையை வெளியிட்டது. மத்திய அமைச்சகங்களும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் தாம் ஆண்டுதோறும் வாங்குவதில் 20 விழுக்காட்டைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 விழுக்காடு தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களிடமிருந்து வாங்கப்பட வேண்டும் என்றது அது. 2015 ஏப்ரல் முதல் இது கட்டாயமாயிற்று. 2018ஆம் ஆண்டு இறுதியில் செய்த திருத்தத்தால் 20 விழுக்காடு 25 ஆக உயர்ந்தது; மகளிர் நடத்தும் தொழில்களுக்கு 3 விழுக்காடு சேர்க்கப்பட்டது; நமக்குரிய 4 விழுக்காடு அவ்வாறே நின்றது.

இவ்வாணை தரும் சலுகைகள் சில உள. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தை விலையின்றிப் பெறலாம். முன்வைப்புத் தொகை கட்ட வேண்டியதில்லை. விலையிலும் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரு பொருளுக்கு மிகக் குறைந்த விலை கூறிய பெருநிறுவனம் 100 ரூபாய் என்று கூறியுள்ளது. நம் இளைஞர் 112 ரூபாய் என்று கூறியுள்ளார் என வைத்துக்கொள்வோம். குறைந்த விலையைக் காட்டிலும் 15 விழுக்காட்டுக்கு உட்பட்டே அவர் விலை இருப்பதால், 'நீரும் 100 ரூபாய்க்குத் தர இசைகிறீரா?' என்று அவரைக் கேட்க வேண்டும். பிரித்து வழங்கக் கூடிய ஒப்பந்தமாயின், இசைந்தால் ஒரு பங்கு அவருக்குக் கிடைக்கும். முன்னனுபவம், முந்தைய விற்பனை என்னும் நிபந்தனைகளைத் தரத்துக்குக் குறைவின்றித் தளர்த்தலாம் என்று 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வந்தது. ஆயினும் ஒன்றை எச்சரிக்கிறேன். 112 ரூபாய்க்குக் கணக்குப் போட்டவர் 100 ரூபாய்க்கு இசையுமுன் தம் அடக்க விலை என்ன என்பதைப் பார்க்க வேண்டும். அடக்கம் 105 என்றால், கிடைத்த ஆணையே அவரைக் கடனாளி ஆக்கிவிடும். நான்காம் வகுப்பில் கற்பித்த இலாப நட்டக் கணக்கு இங்கேதான் பயன்படுகிறது.

ஆனால் அன்பர்களே, அவ்வாணையில் மற்றொரு தொடரும் இருக்கிறது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தொழில்கள் ஒப்பந்தப்புள்ளியில் கலந்துகொள்ளத் தவறினாலோ, நிபந்தனைகளை நிறைவு செய்யாவிடினோ, அந்த 4 விழுக்காட்டைப் பிற குறு, சிறு தொழில்களிடமிருந்து நிறைவு செய்துகொள்ளலாம் என்பது அத்தொடரின் பொருள். வேலையில் நமக்குரிய இடம் நிரம்பாவிடில் அதனைக் காலியிடமாக அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்ல வழியுண்டு. இங்கே அவ்வழி இல்லை. பந்தியில் இலை போட்டிருக்கிறார்கள். நாம் வந்து அமராவிட்டால் அவ்விலையில் வேறொருவர் உண்பார். நமக்காக எடுத்து வைக்கமாட்டார்கள். இந்த 4 விழுக்காடு எட்டப்படாமல் ஆண்டுதோறும் வெகு கீழேயே நின்றுவந்திருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே 2016 அக்டோபரில் லூதியானாவில் தேசியத் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தொழில் மையம் தொடங்கப்பட்டது. பயிற்சியும் வழிகாட்டலும் அதன்வழிக் கிடைக்கின்றன. அறிந்தவர் எத்தனை பேர் நம்மிடையே?

இம்மத்திய ஆணை மாநில அலுவலகங்களைக் கட்டுப்படுத்தாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். மாநிலங்கள் தாமே முடிவு செய்ய வேண்டும். 2002ஆம் ஆண்டு சனவரியில் போபாலில் கூடிய தலித் அறிஞர் மாநாடு அரசுக் கொள்முதலில் பங்கு வேண்டும் என்று அறிவித்தது. அதனையடுத்து மத்தியப் பிரதேச அரசு அரசுக் கொள்முதலில் 30 விழுக்காட்டைத் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரிடமிருந்து பெற முனைந்தது. கருநாடகம் சட்டமே செய்தது. 2017இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி 50 இலட்சம் ரூபாய் வரையிலான கட்டுமானப் பணிகளில் தாழ்த்தப்பட்டோருக்கு 17.15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடும் ஒதுக்கப்பட்டன. 2023இல் அவ்வரம்பு 1 கோடியாக உயர்ந்தது. கடல் கடந்து நோக்கினால், அமெரிக்க ஐக்கிய நாட்டில் கறுப்பின மக்கள் முதலிய சிறுபான்மையினரின் தொழில்களை வளர்க்க 1969இலேயே குடியரசுத் தலைவர் நிக்சன் ஆணை பிறப்பித்தார். கருநாடகத்தில் இயன்றது, சமூக நீதிக்குப் பெயர் பெற்ற தமிழ்நாட்டில் இயலாதா? விழுக்காட்டை வரையறுத்த சட்டம் இங்கும் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. நம் கடமையும் ஆகும்.

இனி நான் சொல்லப் போவது என் பிழை. சொல்லாமல் விட்டால் இவ்வுரை உண்மையற்றதாகிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் சான்றிதழ் நகல்களில் சான்றொப்பம் பெற வந்தான். சாதிச் சான்று, கல்விச் சான்று, இன்னும் சில தாள்கள். 'தொழில் தொடங்குகிறேன், ஐயா' என்றான். மகிழ்ச்சி மிகுதியால் மற்றத் தாள்களைப் படித்துப் பார்க்காமலேயே நகல்களில் ஒப்பமிட்டு, முதுகில் தட்டிக் கொடுத்து அனுப்பினேன். ஈராண்டு கழித்து அவன் தாய் என் வீட்டுக்கு வந்தார். கையில் வரித் துறையின் அறிவிப்பு ஒன்று இருந்தது. இலட்சக் கணக்கில் வரி நிலுவை என்று அதில் கண்டிருந்தது. பிறகுதான் எனக்கு விளங்கிற்று. தொழில் அவனுடையது அன்று. வசதி படைத்த ஒருவர் அவன் பெயரில் பதிவு செய்து, அவன் சாதிச் சான்றைக் காட்டிச் சலுகை பெற்று, ஒப்பந்தம் எடுத்திருக்கிறார். அவனுக்குத் திங்கள்தோறும் ஒரு சிறு தொகை கொடுத்திருக்கிறார். காசோலைப் புத்தகம் முழுவதிலும் முன்கூட்டியே அவனிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார். பணம் அவருக்குப் போயிற்று. அறிவிப்பு இவனுக்கு வந்தது. ஊரைவிட்டுப் போனவன் திருவிழாவுக்கும் வருவதில்லை. அந்தத் தாய் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. 'நீங்க படிச்சவங்க, பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்' என்றார். அவ்வளவே.

நிலத்தில் பினாமி வைத்தது போலவே ஒப்பந்தத்திலும் நம் பெயரை வாடகைக்கு எடுப்போர் உளர். 4 விழுக்காட்டை எட்டிவிட்டதாக நாளை ஏடுகள் காட்டினாலும், அதில் எத்தனை பெயர் மெய்ப்பெயர், எத்தனை வாடகைப் பெயர் என்பதையும் நாம் கேட்க வேண்டியிருக்கும். விதி தெளிவாகவே இருக்கிறது. தனியுரிமைத் தொழிலாயின் உரிமையாளர் தாழ்த்தப்பட்டவராக இருக்க வேண்டும். கூட்டுத் தொழிலாயினும் தனியார் நிறுமமாயினும் குறைந்தது 51 விழுக்காட்டுப் பங்கு அவர்களுடையதாக இருக்க வேண்டும். தாளில் 51 எழுதிவிட்டுக் கல்லாப் பெட்டியின் சாவியைப் பிறரிடம் கொடுத்தால், அது பங்கு ஆகுமா? இளைஞர்களே! உங்கள் சாதிச் சான்று, உங்கள் முன்னோர் பட்ட இழிவுக்கு ஈடாகக் கிடைத்த உரிமைச் சீட்டு. அதனைத் திங்கள் வாடகைக்கு விடாதீர்கள். வெற்றுத் தாளிலும் வெற்றுக் காசோலையிலும் எவர் கேட்டாலும் கையெழுத்திடாதீர்கள். என்னிடம் வரும் தாளை நான் இப்போது வரி விடாமல் படிக்கிறேன்.

அப்படியானால் வழி என்ன? அரசு கூடி வாங்குகிறது. நாம் கூடி விற்க வேண்டும். இதற்கு முன்மாதிரி நம் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. நம் மாணவர் உடுத்தும் விலையில்லாச் சீருடையைத் தைப்பவர்கள் யார்? சமூக நலத் துறையின் கீழ் உள்ள மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். ஒரு தையல் எந்திரம் மட்டுமே உடைய ஒரு பெண் இலட்சக் கணக்கான சீருடைகளுக்கு ஒப்பந்தம் எடுக்க இயலுமா? சங்கமாகச் சேர்ந்ததால் மாநிலம் முழுமைக்குமான அப்பெரும் பணியில் அவளுக்கும் ஒரு கட்டுத் துணி வருகிறது. 1983ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டமும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வேலை தந்து வருகிறது. பெரிய ஒப்பந்தம் ஏழைக்கு எதிரானது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அதனைச் சங்கத்துக்குத் தரவேண்டும் என்று விதி இருந்தால், அது ஏழையின் அடுப்பை எரிய வைக்கிறது.

அவ்வாறே உப்பிலும் செய்யலாம். தனித்தனிப் பாத்திக்காரரும் தொழிலாளரும் ஒன்று சேர்ந்து சங்கம் காணலாம். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கம் தொடங்க 25 பேர் வேண்டும். உற்பத்தியாளர் நிறுமமாயின் 10 பேர் போதும். அயோடின் கலக்கும் சிறு ஆலை ஒன்றைத் தனியொருவர் வைப்பது கடினம். பலர் சேர்ந்து வைப்பது இயலாத காரியம் அன்று. 1974இல் அமைந்த தாட்கோ நிறுவனம் நம் மக்களுக்குக் கடனுதவி செய்து வருகிறது. 2023ஆம் ஆண்டு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் முதலீட்டில் 35 விழுக்காடு மானியமும் வட்டியில் 6 விழுக்காடு மானியமும் தருகிறது. 1955இல் அமைந்த தேசியச் சிறுதொழில் கழகம், ஒரே பொருளைச் செய்யும் சிறு தொழில்களைக் குழுவாக இணைத்து அவர்கள் சார்பில் ஒப்பந்தப்புள்ளி அளிக்கும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. கருவிகள் உள்ளன. எடுத்து ஆள்வோர் இல்லை.

இச்சங்கம் உடனே செய்யத் தக்கவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். ஞாயிறுதோறும் மாலையில் நம் நூலகத்தில் ஒரு மணி நேரம் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளைப் படிக்க வேண்டும். பொருள் என்ன, அளவு என்ன, தகுதி என்ன, இறுதி நாள் என்ன என்று ஓர் ஏட்டில் குறிக்க வேண்டும். புரியாத சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு திங்கள் இவ்வாறு படித்தால் அச்சம் தெளிந்துவிடும். தொழில் செய்யும் நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் உத்யம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்பவர் இடைத்தரகர் என்று அறிக. பொருளைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அலைய நேர்ந்தால், 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் வட்டி சேர்த்துத் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் கூறுவதை நினைவிற் கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. 'கடந்த ஆண்டு நீங்கள் வாங்கிய மொத்தத்தில் எங்களிடமிருந்து வாங்கியது எவ்வளவு?' என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் எந்த அலுவலகத்தையும் கேட்கலாம். அண்ணல் 1942இல் கேட்ட கேள்வியை நாம் கேட்கத் தடை ஏது?

நம் சங்கமும் தன் அளவில் தொடங்கலாம். ஆண்டுதோறும் சூன் திங்களில் நம் குடும்பங்கள் தனித்தனியே குறிப்பேடும் பையும் வாங்குகின்றன. இருநூறு குடும்பத்தின் தேவையைத் திரட்டி மூன்று கடைகளில் விலைப்புள்ளி பெற்று ஒன்றாக வாங்கிப் பாருங்கள். எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை வரவு செலவு ஏட்டில் எழுதிப் பொதுக்குழுவில் படியுங்கள். கூடி வாங்கப் பழகியவர்க்குக் கூடி விற்பதும் எளிதாகும். கணக்கை நான்கு பேர் அறிய எழுதப் பழகிய சங்கமே நாளை ஓர் ஆலையையும் நடத்த வல்லது.

பெரியோர்களே! 25 ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தை நீங்கள் தொடங்கியபோது, மனு எழுதத் தெரிந்தவர் நம் குடியிருப்பில் இருவரோ மூவரோதான். இன்று பட்டம் பெற்றவர் வீட்டுக்கு ஒருவர் உளர். மனு எழுதக் கற்றோம். வேலைக்கு விண்ணப்பம் எழுதக் கற்றோம். இனி ஒப்பந்தப்புள்ளி எழுதக் கற்போம். அடுத்த 25 ஆண்டு நிறைவில் இச்சங்கம் பொன்விழாக் காணும்போது, இக்கடற்கரையின் உப்பு இக்கடற்கரையின் பிள்ளைகள் உண்ணும் சத்துணவில் சேர்ந்திருக்க வேண்டும். அந்த உறையின் மேல் அச்சிடப்பட்ட பெயர் வாடகைப் பெயராக இல்லாமல் நம் சங்கத்தின் மெய்ப்பெயராக இருக்க வேண்டும். ஊரைவிட்டுப் போன என் மாணவனும் அன்று திரும்பி வந்து, தலை நிமிர்ந்து தன் கணக்கில் தானே கையெழுத்திட வேண்டும்.